வைரவனின் பத்தியச் சாப்பாடு

கொஞ்சம் தள்ளியே உட்காருங்க தம்பி. கறுப்புப் பேண்ட் போட்டிருக்கீங்க, பிறகு வீட்டில் போய் உதறிக்கொண்டு நிற்பீங்க. என் வேட்டியில் ஒட்டியிருக்கிறது பஞ்சு இல்லை. ஓநாய் முடி.

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள். முழு ஓநாய் இல்லை. அதன் பாட்டன் வழியிலோ பூட்டன் வழியிலோ எங்கேயோ ஓநாய் ரத்தம் சேர்ந்திருக்கிறது, மற்றபடி நாய்தான். ஓநாய் நாய் என்கிறார்கள். பாளையங்கோட்டைக்கு வந்து ஆவுடைநாயகம் என்று என் பேரைச் சொல்லி விசாரித்தால் எந்த ஆவுடைநாயகம் என்பார்கள். ஓநாய் வளர்க்கிற பாத்திரக் கடைக்காரர் என்று கேளுங்க, ஆட்டோக்காரர் மறுபேச்சு இல்லாமல் வாசலில் கொண்டுவந்து இறக்குவார்.

இந்த பஸ்ஸில் நீங்க தூத்துக்குடி வரைக்கும்தானே? நானும்தான். அப்போ நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் வீடு சைவம். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், அது இல்லாமல் இந்தக் கதையே கிடையாது. செவ்வாய் வெள்ளிக்கு மட்டும் சைவம் என்பார்களே, அந்த வகை இல்லை. கேக்கில் முட்டை இருக்கும் என்று, மகன் பிறந்த நாளுக்குக் கேசரியைத் தாம்பாளத்தில் கொட்டி ஆற வைத்து அதைக் கத்தியால் வெட்டிக் கை தட்டின குடும்பம். வெளியூர் போனால் ஓட்டலில் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இலை முன்னால் உட்காருவேன். கடைக்குப் பிரியாணிச் சட்டி கேட்டு வருவார்கள். விற்பேன், அது வியாபாரம். ஆனால் 'இதில் நல்லா வேகும்' என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் என் மகன் சபாபதி ஓநாயைக் கொண்டுவந்தான்.

அவனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஓசூர் பக்கம் பண்ணை வைத்திருக்கிற ஒருத்தரிடம் இந்தக் குட்டியை ஆசையாக வாங்கியிருக்கிறான். வாங்கி அது கன்றுக்குட்டி உயரம் வளர்ந்த பிறகு கம்பெனியில் ஜெர்மனிக்குப் போ என்றுவிட்டார்கள். அவன் யாரை நினைப்பான்? அப்பாவைத்தான். காரின் பின்கதவைத் திறந்தான். சாம்பல் நிறத்தில் ஒன்று இறங்கிச் சோம்பல் முறித்தது. எங்கள் தெரு நாய்கள் இருக்கிறதே, போஸ்ட்மேனைப் பார்த்தால் ஊரைக் கூட்டும், அதெல்லாம் அன்றைக்கு முக்கு திரும்பிப் போனதுதான். எதிர்வீட்டு ஜெயராணி டீச்சர் கேட்டைச் சாத்திக்கொண்டு அதன் இடுக்கு வழியாகப் பார்த்தார்கள். என் மனைவி வடிவு மட்டும் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்து, "குடிடா, வெயில்ல வந்திருக்க" என்றாள். தெரிந்த பிள்ளை மாதிரி.

சபாபதி அதற்கு இங்கிலீஷில் ஏதோ பேர் வைத்திருந்தான். எனக்கு வாயில் நுழையவில்லை. வைரவசாமிக்கு நாய்தானே வாகனம்? வைரவன் என்று வைத்தேன்.

பேர் வைத்து முடியவில்லை, அதற்குள் அவன் காரிலிருந்து ஒரு மூட்டையை இறக்குகிறான். நாய்த் தீனி மூட்டை. மேலே கோழி படம் போட்டிருக்கிறது. சிரித்த முகத்தோடு ஒரு கோழி. இது தவிர வாரத்தில் இத்தனை நாள் கறி கொடுக்க வேண்டும், ஈரல் கொடுக்க வேண்டும் என்று அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறான். நான் மூட்டையின் மேல் கையை வைத்தேன்.

"சபாபதி, என் வாசப்படிக்கு உள்ள மாமிசம் வரப்படாது. எந்த ரூபத்திலயும் வரப்படாது. நம்ம சாப்பாட்டைச் சாப்பிட்டு இது நல்லா இருந்தா நம்ம வீட்டுப் பிள்ளையா இருக்கட்டும். மெலிஞ்சுபோனா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம், பண்ணைக்காரர் வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

நியாயமான பேச்சுதானே? நான் கொடுமைக்காரன் இல்லை. சபாபதி தலையில் கை வைத்துக்கொண்டான். வடிவு மட்டும் ஒன்று கேட்டாள்.

"வாசப்படிக்கு உள்ளதானே வரப்படாது?"

"ஆமா."

"சரி" என்று உள்ளே போய்விட்டாள். அவள் அப்படித்தான். சொன்னதை ஒரு தடவை தெளிவாகக் கேட்டுக்கொள்வாள், பிறகு மறுபேச்சு கிடையாது. இப்படி ஒரு துணை அமைவது கஷ்டம் தம்பி.

பண்ணைக்காரர் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு அவன் ஜெர்மனிக்குப் போய்விட்டான். வேண்டுமென்றால் தை மாதம் தெற்கே வரும்போது கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவரும் சொல்லிவிட்டார். ஆக, தை வரைக்கும் வைரவனுக்குத் தவணை.

முதலில் நான் கொடுத்தது சாம்பார் சாதம். சின்ன உள்ளி நிறையப் போட்டு, நெய் விட்டு, நானே என் கையால் பிசைந்து வைத்தேன். மோந்து பார்த்தது. என்னைப் பார்த்தது. மறுபடி மோந்து பார்த்தது. பிறகு போய் ஈரச் சாக்கில் படுத்துக்கொண்டது. அதற்கு ஈரச் சாக்கு வேண்டும், மேலே காற்றாடி வேண்டும், நம் ஊர் வெயில் அந்த முடிக்குத் தாங்காது. மறுநாள் வெண்பொங்கல். அதற்கடுத்து, ஏதோ கோபம் போலிருக்கிறது, இனிப்பாகக் கொடுப்போம் என்று முந்திரி, திராட்சை போட்டுப் பாயசம். திராட்சையை மட்டும் ரெண்டு பொறுக்கித் தின்றது. எனக்குச் சந்தோஷம்.

மறுநாள் வயிறு கெட்டுப் படுத்துவிட்டது.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் முத்துச்செல்வி என்று ஒரு அம்மா. சின்ன வயசுதான், ஆனால் பேச்சு சூடு. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் இதெல்லாம் நாய்க்கு விஷம், பண்டிகைப் பலகாரமெல்லாம் கொடுத்து நாயைக் கொன்றுவிடாதீங்க என்று நிற்க வைத்துத் திட்டிவிட்டார்கள். அதை ஒப்புக்கொண்டேன். தெரியாது, செய்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் வாக்குவாதம். சாதாரண நாயே சாதத்தை மட்டும் வைத்துக் காலம் தள்ளாது, இது ஓநாய் கலந்தது, கறி இல்லாமல் எலும்பு பிடிக்காது, ரோமம் நிற்காது என்கிறார்கள். வைரவனின் வாயைத் திறந்து எனக்குக் காட்டினார்கள்.

"இந்தப் பல்லைப் பாருங்க சார். இது கீரை மெல்லுற பல்லா?"

நான் என் வாயைத் திறந்து காட்டினேன். "எனக்கும்தான் கோரைப்பல் இருக்கு டாக்டர். நான் தேங்காய்ப்பால் சொதி சாப்பிட்டுத்தானே இப்படி இருக்கேன்?"

டாக்டர் வைரவனின் வாயை மூடிவிட்டார்கள். பேச்சுக்குப் பதில் இல்லை என்றால் என்ன செய்வார்கள் பாவம். என்னை விட்டுவிட்டு வடிவு பக்கம் திரும்பி, மெதுவாக ஏதேதோ சொல்ல ஆரம்பித்தார்கள். எதை மாற்றினாலும் சட்டென்று மாற்றக் கூடாது, பழைய சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். உப்புப் போடக் கூடாது. வெந்த எலும்பு மட்டும் கொடுத்துவிடக் கூடாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலில் குத்திவிடும். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நாங்கள் எலும்பை எங்கே கண்டோம்? ஆனால் வடிவு ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். படித்தவர்கள் சொன்னால் தேவையோ இல்லையோ கேட்டுக்கொள்கிற சுபாவம்.

வீட்டுக்கு வந்து நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். பகலெல்லாம் கடையில் ஈயாடும் நேரத்தில் போனில் படிப்பேன். புரதம் வேண்டுமா? பாசிப்பயறு இருக்கிறது, வேர்க்கடலை இருக்கிறது. சுண்ணாம்புச் சத்தா? கேழ்வரகு. நார்ச்சத்துக்குப் பூசணிக்காய். முருங்கை இலையை நிழலில் காய வைத்துப் பொடித்தேன். எல்லாவற்றையும் சேர்த்துக் காய்ச்சி, தயிர் விட்டு ஒரு கூழ். தம்பி, அந்தக் கூழை நீங்க பார்த்திருக்க வேண்டும். பச்சையும் மஞ்சளுமாக, கரண்டியை நட்டால் நிற்கும்.

வைரவன் அதை ஒரு நக்கு நக்கினான். அவ்வளவுதான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் திரும்புவான். ஆனால் பசி இல்லை என்று சொல்ல முடியாது. குளியலறைச் சோப்பைத் தின்றான். தேங்காய் நார், வாசல் மிதியடி, என் செருப்பில் ஒற்றை, எல்லாம் போயிற்று. கூழ் மட்டும் ஆகாது. கார்த்திகை பிறக்கும்போது விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. முடி மங்கி, கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அந்தக் கண் இருக்கிறதே, தேன் நிறத்தில், அதைக் கொண்டு என்னை ஒரு பார்வை பார்ப்பான். கடையில் உட்கார்ந்தால் தட்டுக்குத் தட்டு அதுதான் தெரியும். மனசு கேட்கவில்லை. பண்ணைக்காரருக்குப் போன் போட்டு, தை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், முடிந்தால் சீக்கிரமே வாங்க என்று சொல்லிவிட்டேன். பார்க்கிறேன் என்றார்.

ராத்திரி சாப்பிடும்போது வடிவிடம் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். என் இலையில் ரசம் ஓடிக்கொண்டிருக்கிறது. இவளுக்கு ஏன் இவ்வளவு வருத்தம் என்று எனக்கு ஆச்சரியம். சபாபதி போன பிறகு வீட்டில் அவளுக்கு வேலையே கிடையாது. நான் காலையில் போனால் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் வருவேன். நாள் முழுக்க நிம்மதியாக, பேச்சு மூச்சு இல்லாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட வாய்ப்பை விட்டுவிட்டு, இந்த வைரவனை எதிரே உட்கார வைத்து, கத்தரிக்காய் நறுக்கியபடி காலை முழுக்க அவனிடம் கதை பேசிக்கொண்டிருப்பாள். எங்கள் கல்யாணத்தில் யார் யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் அவள் வைரவனைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நடக்கக் கிளம்பினாள். நடந்தால் பசி எடுக்குமாம். நல்ல யோசனைதான் என்றேன். நேரே எதிர்வீட்டு டீச்சர் வீட்டுக்குப் போய், டீச்சரையும் சேர்த்துக்கொண்டு நடப்பதாக ஏற்பாடு. டீச்சர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள், ரிட்டயர் ஆனவர்கள், தனியாள். அவர்களுக்கும் துணை.

அன்றைக்கேதான், கவனமாகக் கேளுங்க, அன்றைக்கேதான் நான் கூழில் வெந்தயம் சேர்த்தேன்.

வெந்தயம்தான் தம்பி திருப்பம். ஊற வைத்து அரைத்த வெந்தயம். ஒரு வாரத்தில் வைரவனின் முகம் மாறியது. தை வருவதற்குள் விலா எலும்பு மறைந்துவிட்டது. முடி பளபளவென்று, விளக்கு வெளிச்சத்தில் புது எவர்சில்வர் மாதிரி மின்ன ஆரம்பித்தது. இத்தனைக்கும் கூழை அவன் நிறையச் சாப்பிடுவதுகூட இல்லை. வாக்கிங் போய்விட்டு வந்து, எனக்காக ரெண்டு நக்கு நக்குவான். அந்த ரெண்டு நக்கிலேயே அவ்வளவு சத்து. வடிவும் அதைத்தான் சொன்னாள். "உங்க கூழு கொஞ்சம் போனாலே போதும்லா" என்றாள்.

இதற்கிடையில் அவள் கடையிலிருந்து ஒரு அலுமினியச் சட்டி கேட்டாள். வைரவனுக்கென்று தனியாக. கொண்டுவந்து கொடுத்தால், பேர் வெட்டித் தாங்க என்றாள். எங்கள் கடையில் எந்தப் பாத்திரத்துக்கும் பேர் வெட்டித்தான் கொடுப்போம், கல்யாணச் சீர் என்றால் மாமனார் பேரிலிருந்து வெட்டுவோம். ஆனால் நாய்க்கு யார் வெட்டியிருக்கிறார்கள்? எதற்கு என்றேன். "நம்ம பாத்திரத்தோட தெரியாமக்கூட மாறிடப்படாது பாருங்க" என்றாள். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். நானே மெஷினைப் பிடித்து, வளைவில் அழகாக 'வைரவன்' என்று வெட்டிக் கொடுத்தேன்.

அந்தச் சட்டி எங்கள் வீட்டு அடுப்படிக்கு ஒரு நாள்கூட வரவில்லை. ஒருதரம் தெருச் சங்கச் சந்தா விஷயமாக டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர்கள் பின்கட்டில் விறகு அடுப்பு மேல் என் கையெழுத்து ஆவி பறக்க உட்கார்ந்திருக்கிறது. டீச்சர் என்னைப் பார்த்ததும் சட்டியைச் சட்டென்று மூடிவிட்டு, வெந்நீர் போடச் சட்டி இல்லை, வடிவு கொடுத்தாள் என்றார்கள். அவளுக்கு இரக்க குணம். யார் கேட்டாலும் கொடுத்துவிடுவாள். நான் டீச்சரைப் பார்த்து, வேறு சட்டி கடையிலிருந்து கொடுத்தனுப்பவா என்று கேட்டேன். வேண்டாம் சார், இதுவே ராசியா இருக்கு என்றார்கள்.

இன்னொன்று பாருங்க, வாக்கிங் போய்விட்டு வந்தால் அவள் மறுபடி தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பாள். அந்தக் குளிரிலும். நாலு தெரு நடந்ததற்கு இப்படி வேர்க்கிறதே, சர்க்கரை பார்க்க வேண்டும் என்று அவளை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனேன். ஒன்றும் இல்லை என்றார்கள்.

டாக்டர் முத்துச்செல்வியிடம் வைரவனைக் காட்டப் போனபோது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். எடை போட்டார்கள், பல்லைப் பார்த்தார்கள், முடியைக் கோதிப் பார்த்தார்கள். அருமை, இதையே தொடருங்க என்றார்கள். என்ன கொடுக்கிறீங்க என்று என்னிடம் கேட்கவே இல்லை. நானாகவே கூழைப் பற்றி ஆதியோடந்தமாகச் சொன்னேன். வெந்தயத்தைச் சொன்னபோது அவர்களுக்கு இருமல் வந்துவிட்டது. வடிவு தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். ரெண்டு பேருக்குமே கண்ணில் நீர். முதலில் திட்டினதற்கு டாக்டருக்கு வெட்கமாக இருந்திருக்கும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அங்கிருந்தே பண்ணைக்காரருக்குப் போன் போட்டேன். "நீங்க வர வேண்டாம். வைரவன் எங்க வீட்டுப் பிள்ளை" என்றேன். வடிவு ஆஸ்பத்திரி வாசலில், அத்தனை மாடும் ஆடும் பார்க்க, முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள். வைரவன் அவள் காலில் தலையை வைத்துக்கொண்டு நின்றான். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இதோடு நின்றிருந்தால் இது வீட்டுச் சங்கதி. எனக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் சைவ சபைக் கூட்டத்தில் எழுந்து, ஓநாயைச் சைவமாக்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். செயலாளர் குற்றாலலிங்கம் அண்ணாச்சி இருக்கிறாரே, அவர் பெருங்காய டப்பாவையே திருப்பிப் பார்த்து வாங்குகிறவர். கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரோடு வருகிறேன் என்றார்.

வடிவிடம் வந்து சொன்னேன். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை வரச் சொல்லுங்க என்றாள். முடியாது என்றேன். அப்படியென்றால் நீங்களே கூழை வைத்துவிடுங்க, நான் டீச்சரோடு சர்ச் வரைக்கும் போய் வருகிறேன் என்றாள். நன்றாக இருக்கிறதே, வீட்டுக்கு ஆள் வரும்போது நீ இல்லாமல் எப்படி? அதோடு, உன் கையால் வைத்தால்தான் அவன் தெம்பாகச் சாப்பிடுவான், நாலு பேர் முன்னால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான் என்றால் என் மானம் போகும், அவனைப் பண்ணைக்கே அனுப்ப வேண்டியதுதான் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் வைரவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வாசப்படிக்கு வெளிய, வேப்பமரத்தடியில வச்சுக் கொடுப்போம். சாமி படம் இருக்குற வீட்டுக்குள்ள வேண்டாம்" என்றாள். எதிலும் ஒரு ஆசாரம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி பட்டை விபூதியோடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டேன். பெரியவர்கள் வருகிறார்களே என்று வடிவு அங்கேயே சாம்பிராணிப் புகையும் போட்டிருந்தாள். வடிவு எதிர்வீட்டிலிருந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். என் கூழைத்தான் அங்கே காற்றோட்டமாக ஆற வைத்திருந்தாளாம். பின்னாலேயே டீச்சரும் ஒரு கிண்ணத்தோடு வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உதடு ஏதோ முணுமுணுக்கிறது, ஜெபம் போலிருக்கிறது. நல்ல மனசு, எங்கள் சபைக்கு அவர்கள் ஜெபிக்கிறார்கள் பாருங்க.

சட்டி தரையில் படவில்லை, வைரவன் பாய்ந்தான். தம்பி, அவன் சாப்பிட்டதை என்னவென்று சொல்ல? சட்டி வேப்பமரத்தைச் சுற்றி நகருகிறது, அவனும் கூடவே நகருகிறான். அடியில் தேங்கியிருந்ததைச் சத்தத்தோடு நக்குகிறான். குற்றாலலிங்கம் அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். மிருகமே மாறிவிட்டது, மனுஷன் மாற மாட்டேன் என்கிறானே என்றார். பிறகு, இதை மனுஷரும் சாப்பிடலாமா என்று கேட்டார். தாராளமாக, நானே காய்ச்சினது, எல்லாம் நாம் சாப்பிடுகிற சாமான்தான் என்றேன் நான்.

டீச்சர் கையில் அந்தக் கிண்ணம் இருந்தது. மறுசோறு வைக்கத் தனியாக எடுத்து வைத்திருந்தது. அண்ணாச்சி எழுந்து, அந்தக் கிண்ணத்துக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு போகிறார். டீச்சர் கல்லாக நிற்கிறார்கள். விரல் கிண்ணத்துக்குள் போக வேண்டியதுதான் பாக்கி.

வடிவு குறுக்கே வந்து நின்றுவிட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு பெரியவர் முன்னால் அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கிண்ணத்தை வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"மன்னிக்கணும் அண்ணாச்சி. இது அவன் பேர் வெட்டின சட்டியில உள்ளது. அவன் பங்கு. இதுல ஒரு பருக்கையை நீங்க தொட்டாலும் எனக்குப் பாவம் வந்து சேரும். நான் செத்தாலும் தொட விட மாட்டேன்."

அண்ணாச்சி அசந்துபோனார். வாயில்லா ஜீவனின் பங்குக்கு இப்படிக் காவல் நிற்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை என்றார். பிறகு வடிவு அவர்களை உள்ளே உட்கார வைத்து, குளித்துவிட்டு வந்து, எல்லாருக்கும் சொதியும் இஞ்சித் துவையலும் போட்டாள். ஆனால் ரெண்டு தடவை சொதியை இலைக்கு வெளியே ஊற்றிவிட்டாள். விருந்தாளியை மறித்துவிட்டோமே என்று இருந்திருக்கும்.

இப்போ ஏன் தூத்துக்குடிக்குப் போகிறேன் என்று கேட்க வர்றீங்க. அண்ணாச்சியின் ஒன்றுவிட்ட தம்பி உங்கள் ஊரில் உப்பளம் வைத்திருக்கிறார். அவர் வீட்டிலும் இதே மாதிரி ஒன்று வளர்கிறதாம், அதுவும் சைவ வீடு, அது கிடந்து மெலிகிறதாம். என்னைப் போய்ச் சொல்லிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார். வடிவுக்கு முதலில் இதில் இஷ்டமே இல்லை. நமக்கு எதுக்கு ஊர் வம்பு என்றாள். அந்த நாயும் ஒரு உயிர்தானே என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆனால் பாருங்க, இன்றைக்கு நான் பஸ் ஏறின பிறகு, டீச்சரோடு ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். ஜன்னல் வழியாக இந்த டப்பாவைக் கொடுத்தாள். வீட்டிலேயே தந்திருக்கலாம், மறதி.

கூழை இறக்கினதும் இதில் ரெண்டு கரண்டி போட வேண்டுமாம். வீட்டுக்கு வெளியில் வைத்துத்தான் கலக்க வேண்டுமாம். "அந்த வீட்டு அம்மா கையில தனியாக் கொடுங்க. ஆம்பளைங்ககிட்டக் கொடுக்காதிய. கொடுத்ததும் எனக்கு ஒரு போன் போட்டு அவங்களைப் பேசச் சொல்லுங்க, மிச்சத்தை நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். என்ன பொடி இது என்று கேட்டேன். கடலில் விளைகிறது, உப்புப் போடாமல் வெயிலில் காய வைத்து இடித்தது என்றாள். கடல்பாசியாக இருக்கும். என் கூழுக்கு மேல் இது ஒரு துணைச் சத்து. அவளுக்கும் ஆராய்ச்சியில் பங்கு வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது, நான் தடுக்கவில்லை.

வாகைகுளம் தாண்டிவிட்டதா? ஒரு உதவி செய்யுங்க தம்பி. எனக்குக் கொரோனாவில் போன மூக்கு இன்னும் திரும்பவில்லை. மல்லிகைப்பூவும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். இந்த வெயிலில் பொடி கெட்டுப்போயிருந்தால் அந்த வீட்டில் போய் அவமானம். மூடியைத் திறக்கிறேன், கொஞ்சம் மோந்து பார்த்துச் சொல்லுங்க.

என்ன? உங்க அம்மை அடுப்படி வாசமா? அட, அப்போ உங்க வீடும் சைவமா? முகத்தைப் பார்த்தபோதே நினைத்தேன். ஏன் முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்? பார்க்கட்டும். நல்ல மூலிகை என்றால் அப்படித்தான், வாசம் இழுக்கும்.

ஏதோ சொல்ல வாயெடுத்தீங்களே. சொல்லுங்க, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். ஒன்றுமில்லையா? அந்த வைரவன் இப்போ நல்லா இருக்கானா என்றா கேட்கிறீங்க? நல்லா இருக்கானாவா? நேற்று சாயங்காலம் கடையிலிருந்து வருகிறேன், முக்கு திரும்பும்போதே சிரிப்புச் சத்தம். பார்த்தால் வடிவு. நடுத்தெருவில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் ஓடுகிறாள், டீச்சர் இவள் பின்னால் ஓடுகிறார்கள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை தம்பி. அப்படி ஒரு சிரிப்பு அவளுக்கு உண்டு என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

இங்கே தாங்க டப்பாவை. அட, நீங்களே மூடிவிட்டீங்களா? நல்லா இறுக்கியே மூடியிருக்கீங்க, என்னால் திருகக்கூட முடியவில்லை. அதுவும் நல்லதுதான். சத்து வெளியே போயிரப்படாது பாருங்க.